கூடிப் பிரியும் நிறுவனங்கள்

மருந்துக் கம்பெனிகளின் விற்பனைப் பிரதிநிதிகளுக்கு, அதாவது நாம் மெடிக்கல் ரெப் என்று சொல்பவர்களுக்கு, அலுவலகம் என்று ஒன்று பெரும்பாலும் இருந்ததே இல்லை. காலையில் ஸ்டாக்கிஸ்ட் கடை, பிற்பகலிலும் மாலையிலும் டாக்டர்களின் கிளினிக் வாசல், இரவில் அன்றைய ரிப்போர்ட். மேலாளர் ஓர் ஊரில் இருப்பார், சக ரெப்புகள் வேறு வேறு மாவட்டங்களில் அலைந்துகொண்டிருப்பார்கள். இப்படிச் சிதறிக் கிடப்பவர்களைக் கம்பெனிகள் குறிப்பிட்ட இடைவெளியில் மதுரையிலோ திருச்சியிலோ ஓர் ஓட்டல் அரங்குக்கு வரவழைக்கின்றன. அதற்கு சைக்கிள் மீட்டிங் என்று பெயர். டார்கெட்டும் அச்சீவ்மென்ட்டும் திரையில் ஓடும். புதிதாக வரும் மருந்தைப் பற்றி டாக்டரிடம் எப்படிப் பேசுவது என்று, மேலாளரையே டாக்டராக உட்காரவைத்து ஒவ்வொருவரும் பேசிக் காட்ட வேண்டும். தடுமாறினால் எல்லோர் முன்னிலையிலும் திருத்தம் நடக்கும். இரவுச் சாப்பாட்டின்போது இன்னொரு படிப்பு தொடங்கும். எந்த டாக்டர் எந்தக் கிழமை ரெப்புகளைப் பார்ப்பார், எந்த ஸ்டாக்கிஸ்ட் பணத்தை இழுத்தடிப்பார் என்பதெல்லாம் பழைய ஆளிடமிருந்து புதிய ஆளுக்குப் போவது அங்கேதான். 2020க்குப் பிறகு மென்பொருள் உலகம் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசும் கேள்விக்கு இந்தத் தொழில் சத்தமில்லாமல் ஒரு விடை வைத்திருந்தது: வருடத்தின் பெரும்பகுதி ஒருவரையொருவர் பார்க்காமல் வேலை செய்பவர்கள் எதற்காக, எத்தனை நாளுக்கு ஒருமுறை நேரில் கூட வேண்டும்?

இதற்கு இன்று கிடைக்கும் பதில்கள் இரண்டு ஓரங்களில் நிற்கின்றன. ஆளைக் கண்ணால் பார்த்தால்தான் வேலை நடக்கும் என்று வாரம் ஐந்து நாளும் அலுவலகத்துக்குக் கூப்பிடும் நிர்வாகங்கள் ஒரு பக்கம். வேலை முழுக்கத் திரையில் நடக்கும்போது டிக்கெட்டும் ஓட்டல் அறையும் எதற்கு என்று கேட்கும் சிக்கனக்காரர்கள் மறுபக்கம். இதுவரை வந்திருக்கும் ஆய்வுகளைச் சேர்த்துவைத்துப் படித்தால் இந்த இரண்டுக்கும் பொருந்தாத ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. நேரில் கூடுவதன் லாபம் கூடியிருக்கும் நாட்களில் அவ்வளவாகத் தெரிவதில்லை. பிரிந்துபோன பிறகு வரும் மாதங்களில், ஒருவர் எழுதியதை மற்றவர் எப்படிப் படிக்கிறார் என்பதில் அது தெரிகிறது. அந்த லாபம் நாளாக ஆகக் கரைந்தும் போகிறது. அப்படியானால் ஒரு கூட்டம் எவ்வளவு விமரிசையாக நடந்தது என்பதைவிட, அடுத்த கூட்டம் எப்போது என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் முக்கியம். இதை நிறுவ முயல்வதே இக்கட்டுரையின் வேலை.

அலுவலகத்துக்குப் போகாமல் வேலை செய்வது என்ற யோசனையை, எண்ணெய் நெருக்கடி வந்த 1973இலேயே அமெரிக்காவில் ஜாக் நில்ஸ் பேசத் தொடங்கிவிட்டார். ஆனால் அலுவலகமே இல்லாத நிறுவனம் என்பது இணையத்தோடு, அதிலும் திறமூல மென்பொருளோடு சேர்ந்து வந்த பழக்கம். டெபியன் லினக்ஸை உருவாக்கும் தன்னார்வலர்கள் உலகம் முழுக்கப் பரவிக் கிடந்தவர்கள். அவர்கள் 2000இல் பிரான்சின் போர்தோ நகரில் முதல் டெப்கான்ஃப் கூட்டத்தை நடத்தினார்கள். 2023இல் அது கொச்சிக்கு வந்தது. உபுண்டுவை வெளியிடும் கனோனிகல் நிறுவனம் 2004இல் தொடங்கியதிலிருந்து ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்ற கணக்கில் ஓடுகிறது. ஒவ்வொரு பதிப்பும் வெளிவந்த கையோடு, அடுத்ததைத் திட்டமிட நிரலாளர்கள் ஓர் ஊரில் கூடுவார்கள். பொதுமக்களும் கலந்துகொண்ட அந்த மாநாடு 2013இல் இணையவழிக்கு மாறியது. ஆனால் நிறுவனத்தின் சொந்த ஆட்கள் நேரில் கூடும் ஸ்பிரின்ட் கூட்டங்கள் நிற்கவில்லை. வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமாட்டிக் 2005இல் தொடங்கியது. சான் பிரான்சிஸ்கோவில் வைத்திருந்த விசாலமான அலுவலகத்துக்கு யாரும் வராததால் 2017இல் அதை மூடிவிட்டது. அதே ஆட்டோமாட்டிக், வருடத்தில் மூன்று நான்கு வாரம் சக ஊழியர்களோடு சேர்ந்திருக்கப் பயணம் செய்ய வேண்டும் என்று வேலைக்கு எடுக்கும்போதே சொல்லிவிடும்; மொத்த நிறுவனமும் ஒரு வாரம் கூடும் கிராண்ட் மீட்டப்பை, அலுவலகத்தை மூடிய அந்த ஆண்டில் கனடாவின் விஸ்லரில் நடத்தியது. தலைமையகம் இல்லாமலே 2021இல் நாஸ்டாக்கில் பட்டியலான கிட்லேப், 2018இல் கேப் டவுனிலும் 2019இல் நியூ ஆர்லியன்ஸிலும் கூடியது. 2020இல் ப்ராக் நகருக்கு எல்லாம் ஏற்பாடாகியிருந்த நேரத்தில் கொரோனா வந்து அதைக் கெடுத்தது. அலுவலகம் தேவையில்லை என்பதைத் தலைப்பிலேயே சொல்லி 2013இல் புத்தகம் எழுதியவர்களின் 37சிக்னல்ஸ் நிறுவனமும் ஆண்டுக்கு இரண்டு முறை ஆட்களைக் கூட்டி வந்தது. தொலைவேலையை யார் மிகவும் நம்பினார்களோ அவர்களே நேர்ச்சந்திப்புக்குத் தாராளமாகச் செலவழித்தார்கள். இதை மட்டும் வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. தங்கள் நிறுவனத்தைப் பற்றி நிறுவனங்கள் சொல்வதில் பாதி, ஆள் பிடிப்பதற்கான விளம்பரம். ஆனாலும் வாடகை கட்டாமல் தப்பித்தவர்கள் விமானக் கட்டணத்தில் மட்டும் ஏன் கஞ்சத்தனம் காட்டவில்லை என்பது விளக்கம் கேட்கும் செய்திதான்.

விளக்கத்தின் முதல் பகுதி கேத்தரின் கிராம்டன் 2001இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. வெவ்வேறு நாடுகளிலிருந்து மின்னஞ்சல் வழியாகச் சேர்ந்து வேலை செய்த 13 மாணவர் குழுக்களை அவர் பின்தொடர்ந்தார். குழுக்கள் உடைந்த விதம் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஒன்றுபோலவே இருந்தது. ஒருவர் மூன்று நாள் பதில் எழுதாவிட்டால் மற்றவர்கள் அவரைச் சோம்பேறி என்றோ அக்கறையில்லாதவர் என்றோ முடிவு கட்டினார்கள். அவர் ஊரில் விடுமுறையாக இருந்திருக்கலாம், கணினி பழுதாகியிருக்கலாம், அஞ்சலே போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். எதிரில் இருப்பவரின் சூழ்நிலை கண்ணில் படாதபோது, நடந்ததற்கான காரணத்தை அவருடைய குணத்தில் தேடுகிறோம். இன்றைய சாட் திரையில் இது தினமும் நடக்கிறது. "இதை இன்னொரு தடவை பார்க்க முடியுமா?" என்று ஒரு வரி வருகிறது. எழுதியவரை நேரில் அறிந்தவருக்கு அது வெறும் வேண்டுகோள்; அந்த ஆள் எப்போதுமே சுருக்கமாகத்தான் எழுதுவார் என்று தெரியும். அறியாதவருக்கு அது குற்றச்சாட்டு. அவர் பதிலுக்கு நான்கு பேரைச் சிசியில் சேர்க்கிறார். அடுத்து மேலாளர் வருகிறார், பத்து நிமிட வேலை இரண்டு நாள் பஞ்சாயத்தாகிறது. இந்தச் செலவு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. அதனால்தான் அதைத் தவிர்க்க ஆகும் டிக்கெட் செலவு மட்டும் பெரிதாகத் தெரிகிறது.

இதே கிராம்டன் பமீலா ஹைண்ட்ஸுடன் சேர்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வு, பல நாடுகளில் பிரிந்து வேலை செய்த மென்பொருள் குழுக்களில் ஒருவர் மற்றவரின் இடத்துக்குப் போய்வந்த பிறகு என்ன மாறுகிறது என்று பார்த்தது. போய்வந்தவர்கள் நட்பைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அந்த அலுவலகத்தில் யாரைக் கேட்டால் காரியம் நடக்கும், இன்டர்நெட் எத்தனை முறை அறுந்துபோகும், மதிய உணவுக்கு எல்லோரும் எப்போது எழுந்து போவார்கள் என்ற சூழல் அறிவோடு திரும்பினார்கள். அதன் பிறகு மின்னஞ்சலுக்குப் பதில் விரைவாக வந்தது, தெரியாததைக் கூச்சமில்லாமல் கேட்டார்கள். பயணம் முடிந்து மாதங்களான பின்னும் அந்த மாற்றம் இருந்தது. மாதங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்; ஆண்டுகள் அல்ல. ஆள் மாறும், பொறுப்பு மாறும், வீடு மாறும். போன வருடம் அறிந்த சூழ்நிலை இந்த வருடம் பழசாகிவிடும். இடைவெளியின் முக்கியத்துவத்தை இன்னும் நேராகச் சொன்னது மார்த்தா மஸ்னெவ்ஸ்கியும் கேத்தரின் சுடோபாவும் 2000இல் வெளியிட்ட ஆய்வு. மூன்று உலகளாவிய குழுக்களை அவர்கள் 21 மாதம் கூடவே இருந்து கவனித்தார்கள். நன்றாக நடந்த குழு அவசரத்துக்கு ஆளைக் கூப்பிடவில்லை. நேர்ச்சந்திப்புகள் முன்பே குறித்த தேதிகளில், இதயத் துடிப்புபோல, ஒழுங்காக வந்தன. தொலைபேசியும் மின்னஞ்சலும் அவற்றுக்கு இடையில் நிரவின. பிரச்சினை வந்தபோது மட்டும் கூடும் குழுவில் சந்திப்பு என்றாலே விசாரணை என்று ஆகிவிடுகிறது. தேதி குறிக்கப்பட்ட குழுவில், ‘இதை அடுத்த மாதம் நேரில் பேசிக்கொள்ளலாம்’ என்று ஒரு சச்சரவைத் தள்ளிப்போடும் வசதி இருக்கிறது. பெரும்பாலான சச்சரவுகள் அந்தத் தேதிவரைகூடத் தாக்குப்பிடிப்பதில்லை.

இவையெல்லாம் நேர்காணல்களையும் கூர்ந்த கவனிப்பையும் நம்பிய ஆய்வுகள். ஏற்கெனவே நன்றாக நடக்கும் குழுக்கள்தாம் சந்திக்கவும் செய்கின்றனவோ என்ற சந்தேகம் எழும். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் சான்று விஞ்ஞானிகளின் உலகிலிருந்து கிடைக்கிறது. ஹார்வர்டில் ஓர் ஆராய்ச்சி நிதித் திட்டத்துக்காக வந்த மருத்துவ விஞ்ஞானிகளைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு அறைகளில் 90 நிமிடம் பேசவைத்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி, ஒரே அறையில் விழுந்த இருவர் பின்னால் சேர்ந்து விண்ணப்பிக்கும் வாய்ப்பு 75 சதவீதம் கூடியிருந்தது. யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் எந்த அறையில் உட்கார்ந்தார்கள் என்பது மட்டுமே வித்தியாசம். இன்னொன்று இயற்கையே நடத்திய சோதனை. 2012இல் நியூ ஆர்லியன்ஸில் நடக்கவிருந்த அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் ஆண்டு மாநாடு ஐசக் சூறாவளியால் கடைசி நேரத்தில் ரத்தானது. கூடியிருந்தால் சந்தித்திருக்கக்கூடியவர்கள் பின்னாளில் சேர்ந்து ஆய்வு எழுதும் வாய்ப்பு 16 சதவீதம் குறைந்தது என்று பொருளியலாளர்கள் கணக்கிட்டார்கள். நடக்காத கூட்டத்தின் இழப்பை அளப்பது அபூர்வம். அந்தப் புயலால் அது முடிந்தது. விஞ்ஞானிகளைப் பற்றிய இந்த எண்களை அப்படியே ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கோ தணிக்கை நிறுவனத்துக்கோ ஏற்றிவிட முடியாது. ஆனால் நேர்ச்சந்திப்பு வெறும் இனிய நினைவு அல்ல, பின்னால் நடக்கும் வேலையின் போக்கையே மாற்றுகிறது என்பதற்கு இவற்றைவிடச் சுத்தமான சான்று கிடைப்பது கடினம்.

எந்த வேலைக்குக் கூட வேண்டும் என்பதற்கும் ஓரளவு தெளிவு வந்திருக்கிறது. மைக்ரோசாஃப்டின் 61,182 அமெரிக்க ஊழியர்களின் தகவல் தொடர்பை 2020இன் முதல் ஆறு மாதங்களுக்கு அலசிய ஆய்வில், வீட்டுக்குப் போனபின் ஒரே குழுவுக்குள் பேச்சு இறுகியதும், குழு விட்டுக் குழு பேசும் நேரத்தின் பங்கு சுமார் கால்வாசி சுருங்கியதும் தெரிந்தன. பக்கத்துத் துறைக்காரரை யாரும் வெறுத்து ஒதுக்கவில்லை. அவரோடு பேசக் காலண்டரில் ஒரு காரணம் தேவைப்பட்டது, காரணம் இல்லாமல் போனது. மெலனி ப்ரக்ஸும் ஜொனாதன் லெவாவும் 2022இல் வெளியிட்ட சோதனை இன்னும் நுணுக்கமானது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் 1,490 பொறியாளர்களை இருவர் இருவராகப் பிரித்து, சிலரை நேரிலும் சிலரை வீடியோவிலும் யோசிக்கவைத்தார்கள். வீடியோவில் பேசியவர்களிடம் யோசனைகள் குறைவாகப் பிறந்தன. கண் திரையை விட்டு நகராததால் மனமும் அலைவதில்லை என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆனால் வந்த யோசனைகளில் சிறந்ததைப் பொறுக்குவதில் வீடியோ ஜோடிகள் பின்தங்கவில்லை. கூடும் நாட்களில் என்ன செய்வது என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. காலாண்டு அறிக்கை வாசிப்பு, முடிவெடுப்பு, ஒப்புதல் வாங்குவது எல்லாம் வீடியோவிலேயே முடியும் காரியங்கள். இன்னும் உருவமே பெறாத திட்டங்களையும், வேறு வேறு துறைக்காரர்கள் தற்செயலாகப் பேசிக்கொள்வதையும் நேர்ச்சந்திப்புக்கு ஒதுக்க வேண்டும். நம் ஊர் நிறுவனங்களில் பெரும்பாலும் நடப்பதோ நேர் தலைகீழ்: ஆட்களை முன்னூறு கிலோமீட்டர் வரவழைத்து, அரங்கை இருட்டாக்கி, மின்னஞ்சலில் அனுப்பியிருக்கக்கூடிய எண்பது ஸ்லைடுகளைக் காட்டுவது.

இங்கே முதல் மறுப்பு எழுகிறது. நேரில் இருப்பது இவ்வளவு நல்லது என்றால் தினமும் அலுவலகத்துக்கே வரச் சொல்லிவிடலாமே? யாஹூ 2013இலும் ஐபிஎம் 2017இலும் அந்த முடிவுக்குத்தான் வந்தன. 2025க்குள் எந்த நேரத்திலும் கால்வாசிப் பேர் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று 2020இல் அறிவித்த டிசிஎஸ், 2023இல் வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. இந்த வாதத்தின் ஓட்டை, அலுவலகத்தையும் அருகாமையையும் ஒன்றாக நினைப்பதில் இருக்கிறது. எம்ஐடியின் தாமஸ் ஆலன் 1977இலேயே காட்டியபடி, பொறியாளர்களின் பேச்சு மேசைக்கு மேசை தூரம் கூடக்கூடச் சட்டென்று சரிகிறது. முப்பது மீட்டர் தாண்டிவிட்டால் கிட்டத்தட்ட அடங்கிவிடுகிறது. ஆறாவது மாடிக்காரரும் பதினோராவது மாடிக்காரரும் ஒரே கட்டடத்தில் இருப்பது பெயரளவுக்குத்தான். பழைய மகாபலிபுரம் சாலையின் ஐடி வளாகங்களில் இன்னொரு காட்சியும் சகஜம். ஒன்றரை மணி நேரம் நெரிசலில் வந்து, ஐடி கார்டைத் தட்டி உள்ளே நுழைந்தவர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு டல்லஸில் இருக்கும் வாடிக்கையாளரோடும் புனேயில் இருக்கும் மேலாளரோடும் பேசுகிறார். பக்கத்து நாற்காலிக்காரரோ வேறொரு புராஜெக்ட். அங்கே அருகாமையின் செலவு முழுவதும் கொடுக்கப்படுகிறது, பலனில் சல்லிக்காசும் வருவதில்லை. மறுபக்கத்துச் சான்றும் உண்டு. ஷாங்காயின் சிட்ரிப் நிறுவனத்தில் நிக்கலஸ் ப்ளூமும் மற்றவர்களும் நடத்திய சோதனையில் வீட்டிலிருந்த கால் சென்டர் ஊழியர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது, வேலையை விட்டுப் போனவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். பின்னாளில் அதே நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்தவர்களின் வேலைத்தரமும் பதவி உயர்வும் குறையவில்லை, விலகல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் முதல் சோதனை முடிந்தபின் மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் முடிவை மாற்றிக்கொண்டார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. வீட்டில் வேலை நன்றாக நடந்தது, தனிமைதான் வாட்டியது. பஃபர் நிறுவனம் 2020இல் வெளியிட்ட கணக்கெடுப்பிலும் தொலைவேலைக்காரர்கள் சொன்ன சிரமங்களில் தனிமை முதல் வரிசையில் நின்றது. தினசரி வருகைப்பதிவு இந்த நோய்க்கு மிகை மருந்து; எதுவுமே செய்யாமல் இருப்பது நோயை மறுப்பது.

இரண்டாவது மறுப்பு பணம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோவை, திருநெல்வேலி, பெங்களூரு, கொச்சி என்று பிரிந்திருக்கும் 40 பேர் நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஓர் இருக்கைக்கு எல்லாம் சேர்த்து மாதம் 8,000 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு ஆளுக்கு 96,000, மொத்தம் 38,40,000. அதற்குப் பதிலாக ஆண்டுக்கு இரண்டு கூட்டம், ஒவ்வொன்றும் மூன்று வேலை நாள் என்றால், ஒரு தடவைக்குப் போக்குவரத்து 8,000, மூன்று இரவுத் தங்கல் 12,000, சாப்பாடும் அரங்கும் 8,000 என ஆளுக்கு 28,000 ஆகும். இரண்டு தடவைக்கு 56,000, மொத்தம் 22,40,000. பயண நாட்களையும் சேர்த்தால் ஆளுக்குப் பத்து நாள், அதாவது 240 வேலை நாட்களில் நான்கு சதவீதம் போகிறது. அந்த நாட்களின் சம்பளத்தையும் ஏற்றிப் பார்த்தால், சம்பளம் அதிகமுள்ள நிறுவனத்தில் மிச்சம் என்று சொல்லப்படுவது காணாமலே போகலாம். ஆகவே வாடகையை மிச்சப்படுத்தும் வழியாகக் கூட்டங்களை விற்பவர்களை நம்ப வேண்டியதில்லை. அலுவலகத்துக்குக் கொடுத்ததில் ஒரு பகுதி இங்கே வந்தே தீரும். வாடகையை மட்டும் மிச்சம் பிடித்துவிட்டுப் பயணத்துக்குப் பணம் இல்லை என்னும் நிறுவனம், தொலைவேலையின் செலவைத் தன் ஊழியர்களின் மனநிலையிலும் குடும்பத்தின் வரவேற்பறையிலும் ஏற்றிவிடுகிறது என்பதே பொருள்.

பணத்தைவிடக் கனமான மறுப்பு நியாயம் சார்ந்தது. எல்லோராலும் வர முடிகிறதா? கைக்குழந்தை வைத்திருப்பவர், படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்பவர், சக்கர நாற்காலியில் இருப்பவர் ஆகியோர் தொலைவேலையைத் தேர்ந்தெடுத்ததே பயணம் முடியாது என்பதால்தான். வராதவர் இரண்டாந்தரக் குடிமகனாகிறார். அங்கே பிறந்த நகைச்சுவை அடுத்த ஆறு மாதம் சாட்டில் ஓடும்போது அவருக்கு மட்டும் புரிவதில்லை. பன்னாட்டு நிறுவனங்களில் பாஸ்போர்ட்டும் குறுக்கே நிற்கும். 2022-23இல் இந்தியாவிலிருந்து அமெரிக்க வருகை விசா நேர்காணலுக்குக் காத்திருக்கும் காலம் பல தூதரக அலுவலகங்களில் 500 நாளைத் தாண்டியது. கூட்டம் முடிந்து அடுத்த கூட்டமும் முடிந்த பிறகுதான் நேர்காணலே வரும். இதை மறுக்க முடியாது, ஆனால் பெருமளவு குறைக்க முடியும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நிறுவனரின் விருப்பத்துக்குப் பதிலாக, இருப்பவர்களிலேயே பலவீனமான பாஸ்போர்ட்டை முதலில் பார்ப்பது ஒரு வழி. 2023 இறுதியில் தாய்லாந்தும் மலேசியாவும் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று அறிவித்தபின் இது எளிதாகவும் ஆகியிருக்கிறது. தேதியை ஆறு மாதம் முன்பே அறிவிப்பது, பள்ளித் தேர்வுகளையும் பண்டிகைகளையும் தவிர்ப்பது, குழந்தையோடு துணைக்கு வருபவரின் செலவையும் நிறுவனமே ஏற்பது இன்னும் முக்கியம். ஹைண்ட்ஸும் கிராம்டனும் கண்டதை நினைவில் வைத்தால் மற்றொரு வாய்ப்பும் புலப்படும். வர முடியாதவரிடம் இருவரோ மூவரோ போய்வரலாம். பல நேரம் அதுதான் கூடுதல் பலன் தரும், ஏனென்றால் அவருடைய சூழ்நிலையை யாராவது ஒருவர் கண்ணால் பார்த்திருப்பார்.

ஊர்விட்டு ஊர் போய் நடக்கும் கூட்டத்தில் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். டீம் அவுட்டிங் என்ற பெயரில் வெள்ளிக்கிழமை மாலை பஸ் ஏற்றி, ஏலகிரி ரிசார்ட்டில் இறக்கி, கயிறு இழுக்கவிட்டு, இரவு டிஜேயும் குடியுமாக நடத்தி ஞாயிறு இரவு திரும்பக் கொண்டுவந்து விடும் வழக்கத்தால் இந்தக் கருத்துக்கே கெட்ட பெயர் வந்திருக்கிறது. ஊழியரின் விடுமுறையை எடுத்துக்கொண்டு அதைச் சலுகை என்று சொல்வது முதல் தவறு. குடிக்காதவரையும் சீக்கிரம் தூங்கப் போகிறவரையும் ஒதுக்கிவைப்பது அடுத்தது. மூன்றாவதை நிர்வாகங்கள் வசதியாக மறந்துவிடுகின்றன: பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், வேலை நிமித்தம் போகும் எந்த இடத்தையும், நிறுவனம் ஏற்பாடு செய்த வாகனத்தையும் பணியிடம் என்றே கொள்கிறது. ரிசார்ட்டின் நீச்சல் குளமும் திரும்பிவரும் பஸ்சின் கடைசி இருக்கையும் அதற்குள் அடங்கும். புகார்க் குழுவின் உறுப்பினர் ஒருவர் உடன் வர வேண்டும், அவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வேலை நாட்களில், நிறுவனத்தின் செலவில், பகலில் வேலையும் மாலையில் விருப்பம்போல் ஓய்வும் என்று அமைந்தால் கூச்ச சுபாவக்காரர்களின் எதிர்ப்பில் பாதி கரைந்துவிடும். அவர்கள் பயப்படுவது சக மனிதர்களைக் கண்டு அல்ல, மைக்கைக் கையில் கொடுத்து ஆடச் சொல்பவரைக் கண்டுதான். நான்கு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரு பழுதைச் சேர்ந்து சரிசெய்யும் பிற்பகல், எந்த விளையாட்டுப் போட்டியைவிடவும் ஒருவரை ஒருவருக்குக் காட்டிக்கொடுக்கும்.

சூழலியல் மறுப்புக்கு முழுமையான பதில் கிடையாது. சென்னையிலிருந்து ஐரோப்பா போய்வர ஓர் இருக்கைக்கு ஒரு டன் அளவுக்குக் கரியமில வாயு வெளியாகிறது. சராசரி இந்தியரின் பங்காக ஆண்டு முழுவதற்கும் வருவதே சுமார் இரண்டு டன்தான். தினசரிப் போக்குவரத்து மிச்சமாவதைச் சுட்டிக்காட்டி இதைச் சமன்செய்யலாம் என்ற வாதம், பைக்கிலோ மின்சார ரயிலிலோ அலுவலகம் போனவரின் விஷயத்தில் எடுபடாது. ரயிலில் வந்துசேரக்கூடிய தூரத்தில் வட்டாரக் கூட்டங்களை அடிக்கடி வைத்து, கண்டம் தாண்டும் முழுநிறுவனக் கூட்டத்தை அரிதாக்குவதே நேர்மையான வழி. இதற்கு ஒரு மாற்று வடிவம் தமிழ்நாட்டிலேயே உண்டு. ஸோஹோ 2011இல் தென்காசியில் அலுவலகம் திறந்து, பின்னர் சிறு ஊர்களில் கிளைகளைப் பரப்பியது. ஆட்கள் சொந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே சிறு கூட்டமாக நேரில் சேர்ந்திருக்கிறார்கள். தனிமைக்கும் தினசரி அருகாமைக்கும் இது நல்ல மருந்து. ஆனால் மைக்ரோசாஃப்ட் ஆய்வு காட்டிய குழு விட்டுக் குழு பேசும் குறையை இது தீர்ப்பதில்லை. கிளைக்கும் கிளைக்கும் நடுவில் அதே தூரம் நிற்கிறது. கிளைகள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் கூடிப் பிரியும் தேதிகள் வேண்டும்.

சரி, இடைவெளி எவ்வளவு? எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தும் எண் எதையும் இந்த ஆய்வுகள் தரவில்லை, அப்படி ஒன்றைச் சொல்பவர் கன்சல்டன்டாக இருப்பார். வேலையின் இயல்பான சுழற்சியோடு கூட்டத்தைக் கட்டிப்போடுவதே பகுத்தறிவுக்கு ஒத்த விதி. உபுண்டுவுக்கு அது பதிப்புச் சுழற்சி, மருந்துக் கம்பெனிக்கு விற்பனைச் சுழற்சி, தணிக்கை நிறுவனத்துக்கு மார்ச் மாதக் கெடுபிடிக்கு முன்னும் பின்னும். ஒன்றாக வேலை செய்யும் எட்டுப் பத்துப் பேர் குழு ஆண்டுக்கு மூன்று நான்கு முறையும் மொத்த நிறுவனம் ஒரு முறையும் கூடுவது ஒரு நடுவான தொடக்கம். முதல் வெட்டு விழ வேண்டிய சூழ்நிலையில் பெரிய கூட்டத்தை வெட்டலாம், சிறியவற்றை விடக் கூடாது. நடைமுறையில் இது தலைகீழாகத்தான் நடக்கும், ஏனென்றால் பெரிய கூட்டத்தின் புகைப்படங்கள் லிங்க்ட்இனில் எடுபடும்.

இந்தப் பொது விதிக்குள் அடங்காத ஒரு கூட்டம் உண்டு: புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். நடாலியா இமானுவல், எம்மா ஹாரிங்டன், அமாண்டா பலேஸ் மூவரும் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தின் நிரலாளர்களை ஆராய்ந்தார்கள். குழுவினர் எல்லோரும் ஒரே கட்டடத்தில் இருந்தால் ஒருவரின் நிரலுக்கு வரும் திருத்தக் குறிப்புகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடின. அதில் அதிகம் பயன்பெற்றவர்கள் இளையவர்களும் பெண்களும். அந்தக் குறிப்புகளை எழுதிய மூத்தவர்களின் சொந்த நிரல் எண்ணிக்கையோ குறைந்தது. கற்றுக்கொடுப்பது ஒருவரின் நேரத்தைத் தின்றுதான் நடக்கிறது, இன்றைய கணக்கில் அது நஷ்டமாகவே தெரியும். ஆறு மாதத்துக்கு ஒரு கூட்டம் என்ற ஏற்பாடு ஐந்து வருட அனுபவசாலிக்குப் போதும். கல்லூரியிலிருந்து நேராக வந்த பெண்ணுக்கு அது எந்த மூலைக்கும் போதாது. அவர் சேர்ந்து மூன்று மாதத்துக்குள் அடுத்த கூட்டம் வராது என்றால், அதற்காகக் காத்திருக்காமல் அவரை ஒரு மூத்தவர் இருக்கும் ஊருக்கு ஒரு வாரம் அனுப்பிவைக்க வேண்டும், முதல் வருடத்தில் இன்னும் இரண்டு முறையாவது அதைத் திரும்பச் செய்ய வேண்டும். டிக்கெட்டும் தங்கலும் இதில் சிறிய செலவு. அந்த வாரத்தில் மூத்தவரின் வேலை இலக்கைப் பாதியாகக் குறைத்து, வருடாந்தர மதிப்பீட்டில் அதற்காக அவருக்கு மதிப்பெண் குறையாது என்று நிர்வாகம் எழுத்தில் தர வேண்டியிருக்கும்.